முன் இறக்கையில் குங்குமம்

போன ஞாயிற்றுக்கிழமை பாலக்கோடு பக்கம் ஒரு ரேஸ் கார் ஓடியது. நிஜமாகத்தான்! மனை போட்டு விற்காமல் கிடக்கும் லே-அவுட் ரோடுதான் டிராக். வளைவுகளுக்கு அடையாளம்? கவிழ்த்து வைத்த தக்காளி கிரேட்டுகள்.

காரை வடிவமைத்தவள் என் தோழி சங்கீதா. தக்காளி விவசாயி மகள்.

ரேஸ் கார் டிசைனர் ஆவது எப்படி என்று வாசகர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். மெக்கானிக்கல் படி, காலேஜ் ரேஸ் டீமில் சேர், கம்ப்யூட்டரில் வரை, கையில் கிரீஸ் ஆக்கிக்கொள்... இதுவரை நானே சொல்லிவிடுவேன். அதற்கப்புறம்? அன்றுதான் பார்த்தேன்.

கோவையிலிருந்து ஒரு ரேஸிங் டீமின் இன்ஜினியர் வந்திருந்தார். கார் ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் சங்கீதாவுக்கு வேலை உண்டா, இல்லையா என்று சொல்வார். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பூஜைத் தட்டோடு வந்து சேர்ந்தார் அவள் அம்மா.

"புது வண்டிங்க சார். பொட்டு வெக்காம எடுக்கக் கூடாதுங்க."

பளபள ஃபைபரில் குங்குமம் ஒட்டவில்லை. விடுவாரா? விளக்கு எண்ணெயில் குழைத்து, காரின் மூக்கில் குறுக்கே பலகை போல நீளும் முன் இறக்கை நெடுகத் தாராளமாக அப்பினார்.

"அம்மா... இது ரேஸ் கார்மா, மாரியம்மன் இல்ல!"

"வாய மூடுடி. சாமி பேர்ல ஓடட்டும்."

சங்கீதாவின் காலேஜ் டீம் பையன் ஒருவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். சீறிச் சீறிச் சுற்றினான். வந்து நின்றதுமே இறக்கையைத் துடைக்கத் துணியோடு ஓடினாள் சங்கீதா.

"தொடாதீங்க!" — இன்ஜினியர் கத்தினார்.

குங்குமம் காற்றில் இழுபட்டு, கோடு கோடாகப் படிந்திருந்தது. பெரிய டீம்களில் இதற்கென்றே கலர்ப் பொடியை எண்ணெயில் கலந்து பூசுவார்களாம். காற்று போகும் வழி அப்படியே தெரியும். நடுவில் கோடுகள் அழகாகப் பின்னால் ஓடியிருந்தன. டயர் பக்கம் மட்டும்... சுருண்டு, தேங்கி, திட்டுத் திட்டாக.

"என்ன தெரியுது?" என்றார்.

சங்கீதா குனிந்து பார்த்தாள். கம்ப்யூட்டரில் சரியாகத்தான் வந்தது என்று சமாளித்திருக்கலாம். வேலை வேண்டுமே!

"இங்க காத்து ஒட்டாம பிச்சிக்குதுங்க சார். ஓரத்த ரொம்ப நிமித்திட்டேன். என் டிசைன்தான் தப்பு."

அம்மா அவள் தோளில் இடித்தார். "ஏன்டி, வேல குடுக்க வந்தவருகிட்டயே தப்புன்னு சொல்லுவியா?"

இன்ஜினியர் சிரித்துவிட்டார். "இப்படிச் சொல்ற ஆளத்தாங்கம்மா தேடிட்டு இருக்கோம். வரையறதுக்கு நெறைய பேரு இருக்காங்க." அவள் பக்கம் திரும்பி, "எப்ப ஜாயின் பண்றீங்க?"

நாங்கள் போட்ட கூச்சலில் லே-அவுட் நாய்களெல்லாம் ஓடிவிட்டன.

ஆகவே, டிசைனர் ஆகப் போகிறவர்களே... சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளுங்கள், சரி. காற்று 'தப்பு' என்று சொன்னால், அதோடு சண்டைக்குப் போகாமல் இருக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.

நேற்று சங்கீதா வேலையில் சேரக் கோவைக்குக் கிளம்பினாள். பஸ்ஸில்தான் — அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது!