குண்டம்மாவுக்கு ஊற்றிய எண்ணெய்

சியென்ஃபுவேகோஸ் நகரத்துக் கார்க்காரர்கள் ரெய்னெரியோவை மூக்கன் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு பெரிது என்பதற்காக அல்ல, அதுவும் பெரிதுதான். எந்த ஆயிலையும் மோந்து பார்த்தே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார் என்பதற்காக. ஒரு சொட்டை விரலில் தேய்த்து, கண்ணை மூடி மோந்துவிட்டு, "லாரி ஆயில். ஏற்கெனவே ஒரு வாட்டி ஓடுனது. வித்தவன் மூஞ்சிலயே அப்பிட்டு வா, போ" என்பார்.

அவருடைய கார் அவரைவிட மூத்தது. பெயர் குண்டம்மா. வெளியே பச்சைப் பளபளப்பு, வயிற்றுக்குள்ளே எப்போதோ செத்த டிராக்டரின் எஞ்சின். தேய்ந்த எஞ்சினுக்கு வாய்த் துடுக்கு அதிகம். மெல்லிய ஆயில் ஊற்றினால் குடித்துவிட்டு நீலப் புகையாகக் கக்கும். கெட்டியாக ஊற்றினால் காலையில் எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இன்ன ஆயில்தான் வேண்டும் என்று கடையில் போய்க் கேட்க இது என்ன மாமியார் வீடா? கிடைத்ததைக் கலக்க வேண்டியதுதான். லாரி ஆயில் இரண்டு பங்கு, படகு ஆயில் ஒரு பங்கு, குளிர் நாளில் தையல் மெஷின் ஆயில் துளியூண்டு. கலக்கும்போது யாராவது பேசினால் மனுஷனுக்குக் கெட்ட கோபம் வரும்.

அவருடைய மகள் யானெலிஸுக்குப் பதினைந்தாம் பிறந்தநாள் வந்தது. அந்த ஊரில் பெண்ணுக்குப் பதினைந்து என்றால் அது பாதிக் கல்யாணம். வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு பிராதோ வீதி வழியாகக் கடற்கரைக்குப் போய்ப் போட்டோ எடுக்க வேண்டும். குண்டம்மாவில் தானே ஓட்டிக் கூட்டிப்போக வேண்டும் என்பது, அவள் பிறந்த அன்றே ரெய்னெரியோ கட்டிய மனக்கோட்டை.

"அப்பா, போன மாசம் ஒரு கல்யாணப் பொண்ணு உங்க கார்ல வெள்ளையா ஏறி சாம்பலா இறங்கினா. என் கவுன்ல ஒரு பொட்டுக் கரி பட்டுச்சுன்னாலும் நான் ஒவிதியோ மாமா கார்ல மாறிடுவேன், சொல்லிட்டேன்" என்றாள் யானெலிஸ்.

ஒவிதியோ பக்கத்து வீட்டுக்காரர். அவர் காரும் மின்னும், தலைமுடியும் மின்னும். அந்தக் காரில் தன் மகளா? ரெய்னெரியோ அன்றே கிளம்பினார். புத்தம் புது ஆயில்களாகத் தேடிப் பிடித்துப் பொன்னிறத்தில் ஒரு கலவை செய்தார். ரம் பாட்டிலில் அடைத்து, வெயில் படாமல் சமையலறை அலமாரியில் வைத்தார்.

அதே அலமாரியில், அதே மாதிரி ரம் பாட்டிலில், அவர் மனைவி மிலாய்தா விருந்துக்குப் பூண்டு தட்டிப் போட்டுப் பன்றி வறுத்த எண்ணெயை வடிகட்டி வைத்தாள். அதுவும் பொன்னிறம். அந்த ஊரில் காடியும் மண்ணெண்ணெயும் தீர்த்தமும் எல்லாமே ரம் பாட்டிலில்தான் இருக்கும். மோந்து பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பிறந்தநாள் காலையில் ரெய்னெரியோவுக்குப் பிடித்திருந்ததோ, மூக்கைச் செங்கல் வைத்து அடைத்தது போன்ற சளி. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கைக்கு வந்த பாட்டிலை எஞ்சினில் கவிழ்த்தார்.

குண்டம்மா உடனே எழுந்தாள். பின்னால் எட்டிப் பார்த்தார்: புகை வெள்ளை வெளேர் என்றிருந்தது. "பாத்தியா, கவுனுக்கு மேட்சா புகை!" என்று மகளிடம் பீற்றிக்கொண்டார்.

பிராதோவில் ரொட்டிக்கு நின்ற வரிசை மொத்தமாகத் திரும்பியது.

"மூக்கா! டிக்கிக்குள்ள அடுப்பு வச்சிருக்கியாய்யா? ஒரு தட்டு எறக்கிட்டுப் போ!"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு நாய் பின்னால் ஓடிவந்தது. பிறகு ஊரிலுள்ள நாயெல்லாம் வந்தது. வேகத்தைக் குறைத்தபோது ஒவிதியோவின் கார் பக்கத்தில் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது.

"யானெலிஸ் கண்ணு, இதுல வந்து ஏறிக்கோம்மா. நாய்ங்க கவுனக் கிழிச்சிடப் போகுது."

அதற்குள் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள் மிலாய்தா, கையில் பாட்டிலோடு. "யோவ்! வாழக்கா வறுக்க வச்சிருந்த எண்ணெய எங்கய்யா ஊத்தின? சட்டில இத ஊத்தினா வீடே டிராக்டராட்டம் நாறுது!"

வீதி முழுக்கச் சிரித்தது. ரெய்னெரியோவுக்கு ஸ்டியரிங்குக்குள் புகுந்துகொள்ளலாம் போல அவமானம். மகளைப் பார்க்கவே பயந்தார்.

யானெலிஸ் கவுனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டுக் கரி இல்லை. பிறகு நாய்க் கூட்டத்தைப் பார்த்தாள்.

"மாமா, உங்க கார் பின்னாடி ஒரு நாயாவது வருதா?" என்று ஒவிதியோவிடம் கேட்டாள். "நீங்க ஓட்டுங்கப்பா. மெதுவா. நாய்ங்க எல்லாம் போட்டோவுல வரணும்."

ரெய்னெரியோ அழுதேவிட்டார். சளி என்று சொல்லிக்கொண்டார்.

போட்டோ பிரமாதமாக வந்தது. மறுநாள் எஞ்சினைக் கழுவித் தன் சொந்தக் கலவையை ஊற்றினார்; குண்டம்மா பழையபடி நீலமாகக் கக்கினாள். அப்போது காலிப் பாட்டில்களோடு கார்க்காரர்கள் சிலர் வாசலில் வந்து நின்றார்கள். ரெய்னெரியோ கையைத் துடைத்துக்கொண்டு பெருமையாக எழுந்து போனார்.

"நீ இருய்யா மூக்கா" என்றார்கள். "அக்கா இருக்காங்களா? அதுல பூண்டு எத்தன பல்லுன்னு கேக்கணும்."