கீழ்வீட்டு லைன்

சென்ற மழைக்காலத்தில் ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தேன். ஒரே ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ஊரில் இன்னும் என்னை மரியாதைக்குரியவன் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

யாங்கோனில் பால்கனிதோறும் ஒரு கயிறு தெருவரை தொங்கும். நுனியில் ஒரு கிளிப். லிஃப்ட் இல்லாத கட்டடங்கள். செய்தித்தாள், கீரைக்கட்டு, பில் எல்லாம் அதில்தான் ஏறி வரும். விருதுநகர் மில் ஒன்றுக்கு உளுந்து வாங்கி அனுப்ப வந்து, லத்தா வட்டாரத்தில் இந்த நான்காம் மாடியில் குடியேறிய புதிதில், வீடுகளெல்லாம் தூண்டில் போட்டுக் காத்திருப்பதாக எனக்குத் தோன்றியது. இங்கேயே பிறந்த செல்வியை மணந்தேன். வேலை போய், அவளும் போய், கயிறு மட்டும் தொங்குகிறது.

அரசாங்க மின்சாரம் முறைவைத்துத்தான் வரும். மற்ற நேரத்துக்குத் தெருமுனையில் ஜெனரேட்டர் வைத்திருக்கும் கோ தெய்னிடம் லைன் வாங்கியிருக்கிறோம். வீட்டுக்கு இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி. மோட்டாரும் அயர்ன் பெட்டியும் கூடவே கூடாது. மாதம் பிறந்தால் அவர் கீழே நின்று கயிற்றை ஆட்டுவார். சீட்டு மேலே வரும். பணம் கீழே போகும். “ஊலே, கயிறும் உங்களை மாதிரியே இளைச்சுப் போச்சு!” என்று பர்மீயத்தில் கத்துவார். ஊலே என்றால் மாமா. விருதுநகரில் எங்கள் வீட்டு மீட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் வெள்ளை அட்டை தொங்கும். கணக்கெடுக்க வருபவர் அதில் எழுதும்வரை அம்மா மோர்ச் செம்போடு நிற்பாள். வெயிலைப் பற்றி நாலு வார்த்தை பேசாமல் அவர் போனதில்லை. கோ தெய்னின் குரல் கேட்கும்போதெல்லாம் அந்த மோர் நினைவுக்கு வரும்.

செல்வியின் திதியன்று வடைக்கு உளுந்து ஊறப்போட்டிருந்தேன். மின்சாரம் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. உளுந்து கெட்டுவிடும் என்பது நான் சொல்லிக்கொண்ட சாக்கு. அவள் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த கிரைண்டரை ஜெனரேட்டர் லைனில் போட்டேன். கட்டடமே இருண்டது. கோ தெய்ன் சரிசெய்துவிட்டுப் போனார். மிச்ச உளுந்தை அரைக்க மறுபடி போட்டேன், மறுபடி இருண்டது. இந்தத் தடவை அவர் படியேறி வந்தார். எனக்கு நேர் கீழே மூன்றாம் மாடியில் மா கின் இருந்தாள். தகப்பன் தமிழர், தாய் பர்மியர். மார்க்கெட் கடைகளுக்குக் கால்மிஷினில் ரவிக்கை தைப்பாள். அயர்னும் வைத்திருந்தாள்.

“ஊலே, கீழே அந்தப் பொண்ணு அயர்ன் போடுதா?”

“இருக்கலாம்,” என்றேன்.

அவளைத் தெருவே கேட்கத் திட்டி, லைனை அறுத்துவிட்டார். அவள் அழவில்லை. “நான் போடல்லை,” என்று மட்டும் இரண்டு மொழியிலும் சொன்னாள். அன்றிரவே கயிற்றில் பை கட்டி அவளுக்கு வடை இறக்கினேன். கை நீட்டி எடுத்துக்கொண்டாள். அதன்பின் இருட்டிய பிறகு அவள் மிஷின் சத்தம் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து நகரத்தின் ஓரத்தில் ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஃபேக்டரியில் சேர்ந்து, அங்கேயே தங்கினாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள்.

அடுத்து வந்தது கோ தெய்னின் செல்போன் செய்தி. இனி லைன் பணம் மாதாமாதம் போனில் உள்ள கணக்கிலிருந்து தானாகவே கழியும், தொகையும் கூடுகிறது, சம்மதிக்காதவர்களுக்கு லைன் இல்லை. ஏன் கூடியது என்று கேட்கப் போனேன். பேரம் பேச வந்ததாக கோ தெய்ன் நினைத்துக்கொண்டார்.

“டீசல் விலையை நானா வைக்கிறேன்? உங்க கட்டடத்துல ஒரு லைன் குறைஞ்சா அந்தப் பங்கை யாரு கட்டுறது? அயர்ன்காரியைக் கேளுங்க!”

என் பொய்க்குத்தான் மாதாமாதம் பணம் கழியப்போகிறது என்று அப்போது புரிந்தது. எனக்கு மட்டுமா, கட்டடத்துக்கே. படியில் எல்லோரும் அவளைத்தான் ஏசிக்கொண்டிருந்தார்கள்.

“அன்றைக்கு ஓடியது என் கிரைண்டர்,” என்றேன்.

அவர் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். “நீங்க படிச்ச ஆளு, ஊலே. அந்தப் பொண்ணை நான் என்னவெல்லாம் சொன்னேன்!” குனிந்து துணியை எடுத்துக்கொண்டே, “லைனைக் கொடுத்துடறேன். அவகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. எனக்கு முகமில்லை,” என்றார். அவள் லைனுக்கும் என் கணக்கிலேயே கழித்துக்கொள்ளச் சொன்னேன். படியில் சந்தித்தவர்களிடமெல்லாம் கிரைண்டர் கதையை நானே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கதவைத் தட்டினேன். சொல்லி முடிக்கும்வரை நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்டாள்.

“எனக்குத் தெரியும் ஊலே. வடை சூடா இருந்திச்சே. கரெண்ட்டு இல்லாத நாள்ல உளுந்து எப்படி அரைபட்டிச்சு?”

“ஏனம்மா யாரிடமும் சொல்லவில்லை?”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். அப்புறம் வீட்டுக்காரன் வாடகை கேட்டு வந்திட்டான்.”

லைன் மறுபடி வந்துவிட்டது, இனி வீட்டிலேயே தைக்கலாம் என்றேன்.

“மிஷினை வித்தாச்சு ஊலே.” பிறகு சிரித்தாள். “பரவால்லை. ஞாயித்துக்கெழமை தலையில பேன் பார்க்கவாவது வெளிச்சம் இருக்கும்.”

வேறு மிஷின் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. நான் மேலே வந்துவிட்டேன்.

இப்போது மாதம் பிறந்தால் போன் இரண்டு முறை அதிர்கிறது, என் லைனுக்கு ஒன்று, அவள் லைனுக்கு ஒன்று. யாரும் கீழே நின்று கயிற்றை ஆட்டுவதில்லை. அவள் ஸ்விட்சைப் போட்டபடியே ஃபேக்டரிக்குப் போய்விடுகிறாள். மறதியா, வேண்டுமென்றேதானா, நான் கேட்கவில்லை. சாயங்காலம் ஜெனரேட்டர் உறுமியதும் ஆளில்லாத அந்த வீட்டில் விளக்கு எரிகிறது. விருதுநகரில் என் வீடும் பூட்டித்தான் கிடக்கிறது. அங்கே விளக்குப் போட ஆளில்லை. பால்கனியில் நின்று கீழே பார்க்கிறேன். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் என் கயிறு மட்டும் தெரிகிறது. அதற்கும் கீழே, கிளிப் தொங்கும் இடத்தில், இருட்டு.