நான்கு பாய்க்கு ஓர் ஏ.சி.

மே மாதம் ஏ.சி. மெக்கானிக்குக்கு போன் வந்தால் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: கூலிங் இல்லை. இல்லாவிட்டால் தண்ணீர் சொட்டும், சத்தம் போடும். என் சர்வீஸில் இதில் எதிலும் சேராத புகார் சொன்னவர் துடியலூர் ஸ்டெல்லா டீச்சர் ஒருவர்தான்.

"ஏனுங்கண்ணா, மூணு ஏ.சி.யும் நல்லாத்தான் ஓடுதுங்க. அதுதான் பிரச்சினை. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

அந்த வீட்டுக்கு முதல் ஏ.சி. மாட்டியவன் நான். பெரிய அறையில், ஒன்றரை டன். கோடை வந்தால் டீச்சர், அவர் கணவர், மகள் ஜெனி, மகன் என்று நாலு பேரும் அங்கேயே பாய் விரிப்பார்கள். காற்று நேராக விழும் இடம் யாருக்கு என்று அக்காவும் தம்பியும் போடும் சண்டையைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். மகன் வேலைக்குப் போனதும் மற்ற இரண்டு அறைகளுக்கும் ஏ.சி. வந்தது. அவற்றையும் நானேதான் மாட்டினேன், வியாபாரம் நடந்த சந்தோஷத்தோடு.

"கரண்ட் பில்லு ஏறிப்போச்சு, ஊட்ல பேச்சு நின்னுபோச்சுங்கண்ணா," என்றார் டீச்சர், நான் போய் உட்கார்ந்ததும். "சாப்புட்ட கையோட ஆளுக்கொரு கதவச் சாத்திக்கறாங்க. அடுத்த மாசம் ஜெனிக்குக் கல்யாணமுங்க. அதுக்குள்ள அவ பேசறதக் கொஞ்சம் கேக்கோணும்னு ஆசையா இருக்குதுங்க."

அவர் கண் கலங்கியதும் எனக்கு மனசு தாங்கவில்லை. சர்வீஸ் என்று சொல்லி, பிள்ளைகளின் அறைகளில் இருந்த இரண்டு ஏ.சி.க்களின் சர்க்யூட் போர்டுகளையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்; அது இல்லாமல் ஏ.சி. ஓடாது. ஜெனிக்கு வந்ததே கோபம்.

"இந்த வெயில்ல எப்படிங்க அங்கிள் தூங்கறது?"

"பெரிய ரூம்ல ஓடுதே கண்ணு. நாலு நாள் பொறுத்துக்கோ."

சொன்ன நாளில் போனேன். கதவைத் திறந்தது ஜெனி. பெரிய அறையில் பாய்கள் இன்னும் சுருட்டாமலே கிடந்தன. என் பையைப் பார்த்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள், போர்டு இன்னும் ரெடியாகலைன்னு சொல்லிப்போடுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் மாட்டிக்கலாமுங்க."

அறையின் நீள அகலத்தைச் சொன்னால் எத்தனை டன் வேண்டும் என்று உடனே சொல்லிவிடுவேன். அந்த வீட்டுக்கு ஒன்றரை டன்னே தாராளம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் டேப்பை எடுக்கும் முன், அந்த வீட்டில் எல்லோரும் எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சூலூரில் என் வீட்டிலும் மூன்று அறைகளில் ஏ.சி. உண்டு. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். லீவுக்கு வருகிறோம் என்று அவர்கள் போன் செய்தால், முதல் வேலையாக இரண்டின் போர்டுகளைக் கழற்றி வைத்துவிடுகிறேன்.