மாப்பிள்ளை வண்டி

அந்த வண்டி பட்டறைக்குள் நுழையும்போதெல்லாம் டேப்புக்காரருக்கு வயிறு எரியும். முதலில் வாசல் ஷட்டரை இன்னும் ஒரு சாண் மேலே தள்ள வேண்டும். அது துருப்பிடித்த ஷட்டர், தள்ளினால் தோள்பட்டை கழன்றுவிடும். அடுத்து உள்ளே தொங்கும் பல்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இத்தனை மரியாதையும் செய்து உள்ளே கூப்பிட்டால், யானைக்குட்டி மாதிரி அசைந்து அசைந்து வந்து நிற்கும் ஒரு பிக்கப். அதன் கதவைத் திறந்து, ஏணியில் இறங்குகிறவர் போலக் காலைத் துழாவிக்கொண்டு மாப்பிள்ளை இறங்குவார்.

டேப்புக்காரருக்குப் பெயர் என்று ஒன்று உண்டு. அது அடையாள அட்டையோடு சரி. இடுப்பில் எந்நேரமும் ஓர் அளவு டேப் தொங்குவதால் ஊருக்கு அவர் டேப்புக்காரர். இருபத்தெட்டு வருஷமாக அவருக்கு ஒரே வேலை, ஆடுகிற வண்டியின் ஆட்டத்தை நிறுத்துவது. வளைவில் படுக்கிற வண்டி, பிரேக் போட்டால் குனிகிற வண்டி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் யோசித்துவிட்டுத் திரும்புகிற வண்டி எல்லாம் அவரிடம்தான் வரும். வந்தவுடன் ஸ்பேனரைத் தொட மாட்டார். மூன்று கேள்வி கேட்பார்.

"எங்க போறீங்க? என்ன ஏத்துறீங்க? எவ்வளவு வேகத்துல போறீங்க?"

இதற்குப் பதில் வராமல் அவர் ஜாக்கியைக்கூட எடுத்ததில்லை. பஞ்சு மெத்தை ஏற்றும் வண்டிக்கு லாரி ஸ்பிரிங் பட்டை போடச் சொன்ன ஒருவரை, "மெத்தை என்ன கல்லா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவர். வண்டி எதற்கென்று தெரியாமல் வண்டியில் கைவைப்பவன் மெக்கானிக்கே இல்லை என்று டீக்கடையில் உட்கார்ந்து அடித்துப் பேசுவார்.

அப்பேர்ப்பட்டவர் இந்த ஒரு வண்டிக்கு மட்டும் அந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை. மாப்பிள்ளையைப் போய் எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது?

"மாமா, வளைவுல ரொம்ப ஆடுது மாமா. கொஞ்சம் பாருங்க," என்றார் மாப்பிள்ளை, முதல் தடவை வந்தபோது.

ஆடாமல் என்ன செய்யும்? வேறு எவனோ ஒருவனுடைய பட்டறையில் கொடுத்து, பின்பக்க அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை சொருகி, முன்பக்கத்தையும் அதற்குத் தகுந்தாற்போல் ஏற்றி, வண்டியை முழுசாக நாலு இன்ச் தூக்கி வைத்திருந்தார்கள். போதாததற்குக் கூரை மேல் ஒரு கேரியர், அதில் தார்ப்பாய் மூடிய ஏதோ சாமான். கனம் மேலே ஏற ஏற வண்டி வளைவில் வெளிப்பக்கம் சாயும். அதைச் சொல்லப் படிப்பு வேண்டாம், தலையில் குடத்தோடு ஓடிப் பார்த்தால் போதும்.

"அதுக்கென்ன மாப்பிள்ளை, உயரத்தைக் கொறைச்சிட்டா அடங்கிடும்," என்றார் டேப்புக்காரர், தேன் தடவிய குரலில்.

"அது மட்டும் வேணாம் மாமா. உயரம் அப்படியே இருக்கணும். ஆட்டம் மட்டும் போகணும்."

"சரிங்க மாப்பிள்ளை."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் தெருமுனை வரை கேட்கும்படி கத்தியிருப்பார். மாப்பிள்ளை என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளைக்கு நூலகத்தில் வேலை. போக வர பஸ். புத்தகத்துக்கு அட்டை போடுகிற மனுஷனுக்கு எதற்குப் பிக்கப்? அதுவும் நாலு இன்ச் தூக்கிய பிக்கப்? பவிசு காட்டத்தான், வேறென்ன! சாயங்காலம் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க கேட்டீங்களா, எதுக்குன்னு?"

"மாப்பிள்ளைகிட்டப் போய்க் கேட்பாங்களா?"

"அப்ப பொண்ணுகிட்டக் கேளுங்க."

"அவளுக்கு என்ன தெரியும்? அவளே ஆபீஸ் வேன்ல போய் ஆபீஸ் வேன்ல வர்றா."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் கைகால் கழுவப் போய்விட்டார்.

கோபம் பவிசின் மேல் மட்டும் இருந்திருந்தால் நாலு நாளில் ஆறியிருக்கும். அடியில் பயம் இருந்தது. ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு சுரங்கப்பாதை. அதிலிருந்து ஏறியவுடன் முழங்கை மாதிரி ஒரு வளைவு. ஆறு வருஷத்துக்கு முன்பு, இதே மாதிரி தூக்கிய வண்டியொன்று அந்த வளைவில் கவிழ்ந்து, இழுவை வண்டியில் அவர் பட்டறைக்குத்தான் வந்தது. கூரை இருக்கை வரை நசுங்கியிருந்தது. உள்ளே ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதை எடுத்து வெளியே வைத்தவர் இவர்தான். மாப்பிள்ளை இந்த வண்டியில் மகளை ஏற்றிக்கொண்டு அந்த வளைவில் போகிறார் என்று நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே மகள்.

வாய் திறந்து சொல்ல முடியாத மனுஷன் கையால் சொல்லலாம் என்று முடிவு செய்தார். வண்டி சாயாமல் பிடிக்கிற ஸ்டெபிலைசர் ராடு தடிமனாகப் போட்டார். அது நியாயமான வேலை. அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்து லேத்காரரிடம் சொல்லி அரை இன்ச் குறைவான கட்டைகள் கடைந்து வாங்கி, பழையதை எடுத்துவிட்டு அதைப் பொருத்தினார். முன்பக்க உயரத்துக்கான போல்ட்டையும் அதற்கேற்பத் தளர்த்தினார். சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவு வரை டேப் பிடித்து அளந்து, சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டார். மாதாமாதம் வண்டி செக்கப்புக்கு வரும்போது அரை இன்ச். எட்டு மாதத்தில் வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிடும், மாப்பிள்ளைக்கும் மனக்கஷ்டம் இல்லை. தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே மெச்சிக்கொண்டார்.

அடுத்த மாதம் வண்டி வந்தது. டேப் பிடித்தார். குறைத்த அரை இன்ச் திரும்ப ஏறியிருந்தது.

நாலு சக்கரத்திலும் அளந்தார். டயரில் காற்று பார்த்தார். டேப் நைந்துபோய்விட்டதோ என்று சந்தேகப்பட்டுப் புது டேப் வாங்கினார். புது டேப்பும் அதையேதான் சொன்னது. குனிந்து பார்த்தால் பளபளவென்று புதுக் கட்டை. இந்த மாப்பிள்ளை லேசுப்பட்டவர் இல்லை என்று பல்லை நறநறவென்று கடித்தார். இந்தத் தடவை ஒரு இன்ச் இறக்கினார். அதற்கடுத்த மாதம் அந்த ஒரு இன்ச்சும் ஏறி வந்தது.

"யோவ், உன்கிட்ட யாராச்சும் கட்டை கடைய வந்தாங்களா?" என்று லேத்காரரைப் பிடித்தார்.

"தினம் பத்துப் பேர் வர்றாங்க. யார் வண்டிக்கு யார் கடையிறாங்கன்னு நான் கேட்கிறதில்ல," என்று லேத்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். துடைத்த விதமே சரியில்லை.

பொறுமை போய்விட்டது. அந்தச் சனிக்கிழமை மாப்பிள்ளை வண்டியை விட்டுவிட்டு நூலகத்துக்குப் போனதும், ஒரேயடியாக இரண்டு இன்ச் இறக்கினார். யாரும் கழற்ற முடியாதபடி நட்டுகளுக்கு வெல்டிங் வைத்தார். சாயங்காலம் மாப்பிள்ளை வந்தபோது, "இனிமே ஆடாது மாப்பிள்ளை," என்று வாயெல்லாம் பல்லாகச் சாவியைக் கொடுத்தார். அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழை பிடித்தது.

அவருடைய வீடும் பட்டறையும் ஒரே கட்டடம், பள்ளத்தில் இருக்கிற கீழ்த்தெருவில். முன்பெல்லாம் பெருமழை என்றால் தண்ணீர் நேரே வீட்டுக்குள் வரும். போன வருஷம் வாசற்படியை ஒரு செங்கல் உயர்த்திக் கட்டினார். அதிலிருந்து ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. "நான் கட்டின படி!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றும் படிமேல் நின்று, கால் சட்டையை மடித்துவிட்ட அக்கம்பக்கத்துக்காரர்களைப் பார்த்துச் சிரித்தார். மூன்று மணிக்குத் தண்ணீர் அவர் படியைத் தொட்டது. மூன்றரைக்குப் படியைத் தாண்டியது. நாலு மணிக்கு அரிசி டப்பா அடுப்படியிலிருந்து மிதந்து கூடத்துக்கு வந்தது.

"தெருக்கோடில லட்ச லட்சமா கொட்டி பம்ப் ஹவுஸ் கட்டி வச்சிருக்கானுங்க, அதைப் போடறதுக்கு ஒருத்தன் இல்லையா? எங்க போய்த் தொலைஞ்சான் அந்த ஆளு? கால நீட்டித் தூங்கறானா?" பட்டறைக்கும் வீட்டுக்குமாகச் சாமான் தூக்கியபடி கத்தினார்.

மெத்தையைக் கட்டில் மேல் சுருட்டி வைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். முகம் என்னவோ போலிருந்தது. அவள் கையில் செல்போன் இருந்தது, எத்தனையோ தடவை அழைத்தும் மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை.

"வாயைக் கழுவுங்க," என்றாள். மறுபடியும் அதே எண்ணை அழுத்தினாள். ஆறு மணிக்குமேல் எங்கேயோ பம்ப் உறுமத் தொடங்கியது. ஏழு மணிக்கு அவளுக்குப் போன் வந்தது. உள் அறைக்குப் போய்ப் பேசிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். யார் என்று அவர் கேட்டபோது அரிசி டப்பாவைத் தூக்கி அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் காலை தண்ணீர் வடிந்திருந்தது. டேப்புக்காரர் பட்டறையில் சேற்றை வழித்துக்கொண்டிருந்தபோது வாசலில் இழுவை வண்டி வந்து நின்றது. அதன் பின்னால் கட்டி இழுத்து வரப்பட்டது அந்தப் பிக்கப். ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கியது மாப்பிள்ளை இல்லை. முழங்கால் வரை சேறு படிந்த ரப்பர் பூட்ஸோடு மகள்.

"கீழ்த்தெரு பம்ப் என் பொறுப்புப்பா," என்றாள். வணக்கம் இல்லை, சௌக்கியமா இல்லை.

அவர் வழிக்கும் கட்டையைப் பிடித்தபடி நின்றார்.

"ஆபீஸ்ல இருந்து ஃபீல்டுக்கு மாத்தி ஒரு வருஷம் ஆச்சு. வேனையும் நிறுத்திட்டாங்க. அதுக்குத்தான் இந்த வண்டி. இங்க நின்னுதான் சொன்னேன். நீங்க ஒரு லாரிக்கு அடியில படுத்துக்கிட்டு, சரி சரின்னீங்க."

"மாப்பிள்ளைதானே கொண்டு வந்தாரு..."

"சனிக்கிழமை எனக்கு ஆபீஸுக்குள்ளேயே ட்யூட்டி, அவருக்கு நூலகம் ரெண்டு மணிக்கு மேலதான். அதனால அவர் கொண்டு வந்தாரு. உயரத்தைக் குறைக்க வேணாம்னு சொல்லி அனுப்பினது நான். நீங்க இறக்க இறக்கத் திரும்ப ஏத்தினதும் நான்தான். உங்ககிட்டக் கத்துக்கிட்ட வேலை."

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே பாப்பா?"

"நீங்க நேரா கேட்டீங்களா? நீங்க திருட்டுத்தனமா இறக்கினீங்க, நான் திருட்டுத்தனமா ஏத்தினேன்." குரல் உடைந்தது. கோபத்தில்தான் உடைந்தது. "சுரங்கப்பாதைச் சுவத்துல நான் மஞ்சள் கோடு போட்டு வச்சிருக்கேன். கோட்டைத் தாண்டாத வரைக்கும் என் வண்டி போகும். நேத்து தண்ணி கோட்டுக்குக் கீழதான் இருந்துச்சு. அவசரத்துல வண்டியை அளக்காம எடுத்துட்டேன். நட்டநடுப் பாதையில எஞ்சின் தண்ணியைக் குடிச்சுது. உடனே அணைச்சிட்டேன். கதவு திறக்கல. ஜன்னல் வழியா ஏறி, கூரை மேல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், போனும் நனைஞ்சு போச்சு. தீயணைப்புக்காரங்க வந்து இறக்கின பிறகுதான் நடந்து போய்ப் பம்பைப் போட்டேன்."

அவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். வளைவில் கவிழ்ந்துவிடுவாளோ என்று பயந்து பயந்து, தன் கையாலேயே அவளைத் தண்ணீருக்குள் இறக்கியிருக்கிறார். நேற்று நாலு மணிக்கு யாரைத் தொலைந்துபோகச் சொன்னோம் என்பது நினைவுக்கு வந்தது. சேறு வழிக்கும் கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தார். அது நழுவி விழுந்தது. எடுக்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாக முன்பின் தெரியாதவனிடமெல்லாம் கேட்டதை, பெற்ற பெண்ணிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லையே என்று தன் மேலேயே எரிச்சல் பொங்கியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார்.

"எங்கம்மா போறே?"

அவள் ஒரு நிமிஷம் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு வாடிக்கையாளர் மாதிரி பதில் சொன்னாள். "நாலு பம்ப் ஹவுஸ். மழை பேஞ்சா மட்டும். எல்லாத்துக்கும் சுரங்கப்பாதை தாண்டித்தான் போகணும்."

"என்ன ஏத்துறே?"

"ஒரு உபரி மோட்டார், அதைத் தூக்க செயின் பிளாக், ஹோஸ். எல்லாம் கூரை கேரியர்ல."

"கூரையிலயா? மோட்டாரையா?" கத்த வந்தவர் அடக்கிக்கொண்டார். "கீழ வச்சா நனையும்னு மேல ஏத்தினியா? சரி. நான் கீழயே மூடி போட்ட இரும்புப் பெட்டி அடிச்சுத் தர்றேன். பாதி ஆட்டம் அதுலயே போயிடும். எஞ்சின் காத்து இழுக்கிற குழாயைக் கூரை வரைக்கும் நீட்டிட்டா, ஒசரம் ரெண்டு இன்ச் கொறைஞ்சாலும் தண்ணி மஞ்சள் கோடு வரைக்கும் நின்னா போகலாம். மூக்கைத் தூக்கினா போதும், உடம்பைத் தூக்க வேணாம்." சொல்லச் சொல்ல அவருக்கே ஆத்திரமாக வந்தது. ஒரே நாள் வேலை. முதல் நாளே கேட்டிருந்தால் முடிந்திருக்கும். "எவ்வளவு வேகத்துல போவே?"

"நேத்து போகவே இல்லப்பா."

டேப்புக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு இடுப்பிலிருந்து டேப்பைக் கழற்றி அவளிடம் நீட்டினார். கல்யாணத்துக்குப் போகும்போதுகூடக் கழற்றாத டேப். "உனக்கு எவ்வளவு ஒசரம் வேணுமோ, நீயே அளந்து சொல்லு. அதுல அரை இன்ச் மாத்த மாட்டேன்."

அவள் டேப்பை வாங்கிக்கொண்டு எழுந்தாள். வண்டிப் பக்கம் போகவில்லை. பட்டறைச் சுவரில், அவர் மாதாமாதம் போட்டுவைத்த பென்சில் குறிகளுக்குக் கீழே, தண்ணீர் நின்றுபோன ஈரக்கோடு பழுப்பாகத் தெரிந்தது. தரையிலிருந்து அதுவரை டேப் பிடித்தாள்.

"நீங்க ரெண்டு இன்ச் இறக்கினீங்க. இங்க ஒன்பது இன்ச் ஏறியிருக்கு," என்றாள். "நாளைக்கும் மழைன்னு சொல்றாங்க. வண்டி எப்ப கிடைக்கும்?"

"காலைல."

வெல்டிங்கை அறுக்கிற கருவியை எடுத்துக்கொண்டு, ஈரத் தரையிலேயே மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார்.