ஆயிரமாவது எழுத்தில் ஓர் ஆச்சரியக்குறி

நாகமணி எழுதிய தாளில் வெள்ளை இடம் இருக்காது. மளிகைப் பட்டியலைக்கூட பால், ரவை, கொத்தமல்லி என்று ஒரே ஓட்டமாக ஓரம் முட்டும்வரை எழுதுவாள். ஒரே நோட்டில் இரண்டு பாடம் எழுதிப் படித்த கை அது. வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, ஜெர்சி சிட்டிக்கு வந்து நாலு வருடம் ஆன பிறகும் மாறவில்லை. கணினியிலும் அடுத்த வரிக்குப் போக எண்டர் தட்ட மனம் வராது.

2005 மார்ச்சில் அந்தப் பழக்கம் அவள் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

ஒரு மருத்துவமனையின் நாலாயிரம் நோயாளிகளுக்குப் பரிசோதனை நாளை நினைவூட்டும் மின்னஞ்சல். எச்.டி.எம்.எல்.லில், நிறமும் கட்டமுமாக, அவள் எழுதிய புரோகிராம் அனுப்ப வேண்டும். அவள் திரையில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. போய்ச் சேர்ந்த கடிதத்தில் மட்டும் எங்கிருந்தோ ஓர் ஆச்சரியக்குறி வந்து உட்கார்ந்திருந்தது.

டீம் லீட் நஞ்சுண்டன் அவள் மேசைக்கே வந்துவிட்டார். "என்னம்மா இது, 'வெட்னஸ்! டே'ன்னு? பேஷண்டைக் கூப்பிடறியா, மிரட்டறியா?"

"நான் டைப் பண்ணலைங்க. அதுவா வருது."

"மெயிலுக்கு என்ன சாமி வந்திருக்கா? வியாழக்கிழமை கிளையண்ட் பாக்கறாங்க. சரியா வரலைன்னா உன் கான்ட்ராக்டை எக்ஸ்டெண்ட் பண்ணச் சொல்லி நான் வாயே திறக்க முடியாது."

கான்ட்ராக்ட் போனால் விசாவும் ஆட்டம் காணும். மற்றவர்களுக்கு எங்கேயோ சொல்லிக்கொடுத்த ஒரு பாடம் தனக்கு மட்டும் விடுபட்டுவிட்டதோ என்ற பழைய சந்தேகம் மறுபடி தலைதூக்கியது. ஆனாலும் உட்கார்ந்தாள். அதே கடிதத்தைப் பத்துப் பெயர்களுக்கு அனுப்பி, வந்ததையெல்லாம் அச்செடுத்து வரிசையாகப் பரப்பினாள். ஆங்கிலத்தில் ஃபைஸ் நாலு எழுத்து, ராஜலக்ஷ்மி பதினொன்று. ஃபைஸின் கடிதத்தைவிட ராஜலக்ஷ்மியின் கடிதத்தில் குறி சரியாக ஏழு எழுத்து முன்னாடியே விழுந்திருந்தது.

தாள்களை அள்ளிக்கொண்டு, மெயில் சர்வரைக் கவனிக்கும் ஜுஹைரிடம் போனாள்.

"ஜுஹைர், இது எதையோ எண்ணிக்கிட்டே வருது. பாருங்க."

அவன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "சர்வர்தான் எண்ணுது. ஒரு லைன் ஆயிரம் எழுத்தைத் தொட்டா வெட்டிடும். வெட்டின இடத்துல அந்தக் குறி. மொத்த லெட்டரையும் எத்தனை லைன்ல எழுதியிருக்கீங்க?"

"ஒண்ணு."

"அதைக் கொஞ்சம் மூச்சு விட விடுங்க தாயே."

திரும்பி வந்து அறுபது இடத்தில் எண்டர் தட்டினாள். தட்டத் தட்டக் கை ருசி கண்டுவிட்டது.

வியாழக்கிழமை நாலாயிரம் கடிதங்களும் ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தன. கிளையண்ட் அம்மாள் 'வெட்னஸ்டே' என்று வாய்விட்டுப் படித்துக் கைதட்டினாள். "யாரு கண்டுபிடிச்சது?" என்றார் நஞ்சுண்டன். "நான்தாங்க," என்றாள் நாகமணி. கான்ட்ராக்ட் இரண்டு வருடம் நீண்டது. அன்று வீடு திரும்பும் ஜர்னல் ஸ்கொயர் ரயிலில், இந்த ஊரில் தனக்கும் ஓர் இருக்கை உண்டு என்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து போனாள்.

அவள் சொன்னதில் பாதி உண்மை. குறி நகர்வதைக் கண்டது அவள். ஆயிரம் என்ற எண் ஜுஹைருடையது. அடுத்த மாதம் அவன் டல்லஸுக்கு வேலை மாறினான். வழியனுப்பு விருந்தில் நஞ்சுண்டன், "நீயும் நாகமணி மாதிரி ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கலாமேப்பா," என்று சீண்டியபோது, அவன் அவள் பக்கம் திரும்பாமல் பிரியாணியைக் கிளறிக்கொண்டிருந்தான். அவள் தன் தட்டில் இன்னொரு கரண்டி தயிர்ப்பச்சடி போட்டுக்கொண்டாள்.

இப்போது 2008. கான்ட்ராக்ட் மறுபடியும் நீண்டிருக்கிறது. நஞ்சுண்டன் எதிர் மேசையில்தான் இருக்கிறார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். இன்னும் சொல்லவில்லை.