அலையில் கை வைக்காதீங்க

மூன்றாம் லெவல்

"பப்ளிஷர் மெயில் போட்டுட்டாங்க. அடுத்த அப்டேட்லயும் ஆளுங்க நிக்கலைன்னா நம்ம கடைய மூடிட வேண்டியதுதான்" என்றார் பாஸ்கர் சார்.

திண்டிவனத்தில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது எங்கள் மொபைல் கேம் கம்பெனி. பாஸ்கர் சார் முதலாளி. கேமை டிசைன் செய்வதும் அவரே. அதற்குப் பணம் போட்டு வெளியிடுவது பப்ளிஷர். இக்பால் புரோகிராமர். நான் டெஸ்டர். சென்னைக்கு ரயிலேறாமல் சொந்த ஊரிலேயே எனக்குக் கிடைத்த வேலை அது. போய்விட்டால் இன்னொன்று அங்கே கிடைக்காது.

கேமின் பெயர் 'கரைதாண்டி'. மரக்காணம் கரையிலிருந்து படகை அலைகளுக்கு நடுவே ஓட்டி ஆழ்கடலுக்குக் கொண்டுபோக வேண்டும். இடது கட்டைவிரலால் படகைத் திருப்ப வேண்டும். வலது கட்டைவிரலால் திரையை விடாமல் தட்டித் துடுப்புப் போட வேண்டும். டவுன்லோடுக்குக் குறைவில்லை. ஆனால் மூன்றாம் லெவலில் ஒரு பெரிய அலை வரும். அதில் படகு கவிழ்ந்ததும் பலர் கேமையே போனிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

ஒருமுறை அலையின் உயரத்தைக் குறைத்துப் பார்த்தோம். தினமும் ஆடுகிறவர்கள் கோபித்துக்கொண்டார்கள். "ஏரியில படகு ஓட்டற மாதிரி கீது" என்று ரிவ்யூ எழுதிவிட்டுப் போனார்கள். பழையபடி உயர்த்தினோம். புதிதாக வந்தவர்கள் போனார்கள்.

விழுப்புரத்திலிருந்து ஒருவர்

ரிவ்யூக்களைப் படித்துப் பதில் போடுவதும் என் வேலைதான். ஒரு ஸ்டார் மட்டும் கொடுத்த ஒருவர், "கேம் சூப்பர். ஆனா என் கையை வெச்சிக்கினு ஆட முடியல" என்று எழுதியிருந்தார். என்ன சிரமம் என்று கேட்டேன். "எழுதினா புரியாது, நேர்ல வர்றேன்" என்று பதில் வந்தது.

விடுமுறை நாளில் விழுப்புரத்திலிருந்து ரயிலில் வந்தார் கலைவாணி அக்கா. பார்சல் ஆபீசில் புக்கிங் பார்ப்பவர். ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு அவருடைய வலது கை விரல்களில் வேகம் இல்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் போனை மேஜைமேல் வைத்து ஆட ஆரம்பித்தார்.

படகை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் அவர் ஒருமுறைகூடத் தவறவில்லை. அலை வரும் திசையை எங்களைவிட முன்னாலேயே கண்டுகொண்டார். துடுப்புதான் ஓடவில்லை. விரல் தட்டத் தட்டப் பின்தங்கியது. படகு நின்ற இடத்திலேயே கவிழ்ந்தது.

பார்த்துக்கொண்டிருந்த இக்பாலுக்கு மனசு கேட்கவில்லை. "உங்களுக்குன்னு அலைய சின்னதா பண்ணித் தர்றேங்க" என்றான்.

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அலையில கை வைக்காதீங்க தம்பி! அது என்னைக் கவுக்கட்டும், நான் மறுபடி வர்றேன். அலைகிட்ட தோத்தா பரவால்ல. இந்த பட்டன்கிட்ட தோக்கறதுதான் பேஜாரா கீது."

பாஸ்கர் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "சரிங்க. பட்டன் எப்படி இருந்தா உங்களுக்கு ஆகும், சொல்லுங்க" என்றார். அன்று சாயங்காலம் வரை அக்கா சொன்னார், நாங்கள் கேட்டோம்.

செட்டிங்ஸ்

தட்டுவதற்குப் பதில் அழுத்திப் பிடித்தாலே துடுப்பு ஓடும்படி இக்பால் ஒரு வழி வைத்தான். பட்டன்களைத் திரையில் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம், பெரிதாக்கலாம். ஒற்றைக் கையாலேயே முழு கேமையும் ஆடலாம். 'ஈஸி மோட்' என்று பெயர் வைக்க சார் ஒப்பவில்லை. "ஈஸி இல்லையே, அதே அலைதானே?" என்றார். 'உங்கள் வசதிக்கு' என்று தலைப்பிட்டு, கேம் திறந்ததும் முதலில் தெரியும்படி வைத்தோம்.

அக்கா மறுபடி வந்தார். அவரைப் பெரிய அலை பலமுறை கவிழ்த்தது. ஒவ்வொரு தடவையும் "இரு, வர்றேன்" என்று அதனிடம் பேசிக்கொண்டே ஆடினார். ஒருவழியாகப் படகு அலையின் முதுகில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியபோது, கீழே செருப்புக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மாடிக்கு ஓடிவரும் அளவுக்கு நாங்கள் கத்தினோம்.

அந்த அப்டேட் எங்களைக் காப்பாற்றியது. கை முடியாதவர்களோடு மற்றவர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். பாண்டிச்சேரி பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்பவர்கள், மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் அதை வைத்து ஆடுவதாக எழுதினார்கள். மூன்றாம் லெவலைத் தாண்டியவர்கள் அடுத்த லெவல்களைக் காசு கொடுத்து வாங்கினார்கள். அலை அப்படியே இருந்ததால் பழைய ஆட்களும் போகவில்லை. பப்ளிஷர் ஒப்பந்தத்தை நீட்டித்தார், தெலுங்கிலும் கேட்டார்.

இப்போது எனக்குக் கீழே டெஸ்டர்கள் இருக்கிறார்கள். ஆள் தோற்கும்போது திரையைப் பார்க்காதீர்கள், அவர் கையைப் பாருங்கள் என்று அவர்களிடம் சொல்கிறேன். எதனிடம் தோற்கிறார் என்பது அங்கேதான் தெரியும். இதை எனக்குக் காட்டிய அக்காவுக்கும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த சாருக்கும் நான் பட்ட கடன் பெரிது.

அடுத்த கேமையும் அக்கா ஆடிப் பார்த்துக் குறை சொன்னார். அது முடிந்தபோது, நன்றி சொல்லும் இடத்தில் அக்காவின் பெயரைப் போடலாமா என்று போனில் கேட்டேன்.

"நன்றியெல்லாம் எதுக்கு சுமதி? டெஸ்டர்னு போடு. சம்பளமும் போடச் சொல்லு."

இரண்டையும் போட்டோம்.