புதைமேட்டுக் கல்லுக்கு வைத்த குங்குமம்

எங்கள் தோட்டத்தில் தேயிலை முடியும் இடத்தில் ஒரு மேடு இருக்கிறது. ஆதிகால மனிதர்களைப் புதைத்த இடம். சுற்றிலும் முட்கம்பி, வாசலில் அறிவித்தல் பலகை: உள்ளே எதையும் தொடக்கூடாது, மீறினால் தண்டனை. லுணுகலையில் படிப்பிக்கும் நான் அதை எத்தனையோ பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். என் மகளும் அவர்களில் ஒருத்தி.

சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கையில், கம்பிக்குள் நுழைந்து, மேட்டில் நிற்கும் கல்லுக்கு அவள் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டாள். மலையில் ஒரு கல் தனியாக நின்றால் எங்கள் ஆட்களுக்கு அது முனி. கொழுந்தெடுக்கப் போகிறவர்கள்கூட கும்பிடாமல் கடக்க மாட்டார்கள்.

மேட்டின் காவலாளி நேரே வீட்டுக்கு வந்தார். பக்கத்துச் சிங்களக் கிராமத்தவர். எங்களைப் போலவே தமிழ் பேசுவார்.

"டீச்சர், உங்க மக வேலைதான், கண்ணால பாத்தேன். நாளைக்கு பதுளையிலருந்து தொல்பொருள் ஐயா வாறாரு."

பரீட்சை நேரத்தில் பிள்ளை கோர்ட்டில் நிற்பாளோ என்று பயந்து, வாளியும் தேய்க்கத் தேங்காய்த் தும்பும் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே காவலாளி மறித்தார்.

"மக பூசுனா, அம்மா சுரண்டப் போறீங்களா? அதுக்குத் தனிக் கேசு."

"அப்ப மழை பேஞ்சு கழுவிட்டா?"

"மழை மேல கேசு போட மாட்டோம், டீச்சர்."

அவர் சிரித்தார். நான் அன்று முழுவதும் வானத்தைப் பார்த்தேன். ஒரு துளி விழவில்லை.

காலையில், அதிகாரி வருமுன்பே மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு மேட்டு வாசலில் போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் சேர் வச்சேன். முனின்னு நெனச்சு."

"இது சாமி இல்ல, மகள். ஆள புதைச்ச இடம்."

"எங்க தாத்தாவ புதைச்ச இடத்துலயும் குங்குமம் வைப்போம் சேர்."

பின்னாலிருந்து அவளைக் கிள்ளினேன். அதிகாரி கல்லைப் படம் எடுத்தார். செய்ததையும் இனிச் செய்யமாட்டேன் என்பதையும் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார். கீழே நானும் வைத்தேன்.

"கல்ல நாங்க சுத்தம் பண்ணிக்கிறோம். கேசு இல்ல. போய் பரீட்சைக்கு படி."

அந்த முட்கம்பியைக் கண்டால் இன்றும் விலகித்தான் நடக்கிறேன். ஆனால் ஒளியாமல் போய் நின்றது சரிதான்; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திரும்பும்போது பாதி வழி வந்த பிறகுதான் மகள் சொன்னாள்:

"கை வலிக்குதும்மா. இனி விடுங்க."